பாதிரியாரின் அங்கி கோபுரம் ஏறிய விவரம்

பிண்டாரா பண்ணை,
புது போர்வெல் முகாம்.
வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய ஏவிஸ் அத்தைக்கு,

தங்கள் தம்பி மகள் நெரிடா பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அவருடைய உதவியாள் வாலஸ் அண்ணனும் துளை போடும் ரிக்கும் சுகமாக இருக்கிறோம். லாங்ரீச்சில் தங்கள் பேக்கரியின் புது அடுப்பு சண்டித்தனம் செய்யாமல் இருக்கிறது என்றும், தங்கள் இடது முழங்கால் அதைவிடக் குறைவாகவே செய்கிறது என்றும் நம்புகிறேன்.

வரும் திங்கட்கிழமை முதல் நான் பேக்கரி கவுண்டரில் நிற்க வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு முன்னால் பாதிரியார் ஹோல்ராய்டின் வெள்ளை அங்கியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவர் தங்கள் வீட்டுக்கு டீ குடிக்க வருவார். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் ஒரு கதையை அவரிடம் ஒல்லியாகக் கொடுத்தனுப்பினால் போய்ச் சேரும்போது அது பருத்திருக்கும். பண்ணை வீட்டுக்குப் போய் இருவழி ரேடியோவில் பேசியிருக்கலாம்தான். ஆனால் மாலை நேரத்தில் யாராவது ரேடியோவில் பேசினால் சுற்றியுள்ள பண்ணைகள் எல்லாம் மாவு பிசைந்துகொண்டே கேட்கும் என்பது தங்களுக்குத் தெரியும், தாங்களும் கேட்பீர்கள். மைக்கைக் கையில் எடுத்தாலே என் தொண்டைக்குள் யாரோ கதவைச் சாத்திவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று படிக்கச் சொன்னபோது சாத்திய அதே கதவு. அதனால் கடிதம்.

சின்ன வின்ச் என்றால் என்ன என்று போன முறை நான் லாங்ரீச் வந்தபோது கேட்டீர்கள், நான் தட்டைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். ரிக்கில் பெரிய வின்ச் ஒன்று உண்டு, பூமிக்குள் இறங்கியிருக்கும் ராடுகளின் பாரம் முழுவதையும் அதுதான் பிடித்திருக்கும், அதை அப்பாவைத் தவிர யாரும் தொடக்கூடாது. மற்ற எல்லாவற்றையும் தூக்குவது சின்ன வின்ச். ராடு, கேசிங் பைப், பம்ப், வால்வு, ஒருமுறை பள்ளத்தில் விழுந்த வாலஸ் அண்ணனின் மோட்டார் சைக்கிள். ரிக்கின் கோபுர உச்சியில் ஒரு கப்பி, அதன்மேல் ஏறி இறங்கும் கம்பி வடம், வடத்தின் நுனியில் கொக்கி. லீவரை இழுத்தால் ஏறும், தள்ளினால் இறங்கும். நான்கு மாதமாக அந்த லீவர் என் கையில் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது யார் கத்தினாலும் கேட்காது, ஆகையால் கீழே நிற்கும் வாலஸ் அண்ணன் கையால்தான் பேசுவார். ஒரு விரலை மேலே நீட்டிச் சுற்றினால் ஏற்று, உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினால் இறக்கு, முஷ்டியை மூடினால் நில், இரண்டு கைகளையும் தலைக்கு மேலே வீசினால் உயிர் போகிற அவசரம், உடனே நிறுத்திப் பூட்டு. வாயைத் திறக்காமலே வேலை நடக்கிற இடம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை அத்தை. எவர் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, கையைப் பார்த்தால் போதும். வந்த வினையும் அதிலிருந்துதான் வந்தது.

இந்தப் பண்ணையின் பழைய போர்க்கிணறு வற்றிச் செத்துப்போய்விட்டது. மாடுகளை எல்லாம் தூரத்து அணையில் கடைசிச் சேற்றுத் தண்ணீருக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். பண்ணைக்காரி கினேன் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. புது போரில் தண்ணீர் வந்ததும் சின்ன வின்ச்சில் ஒரு வெள்ளை மாவுச் சாக்கைக் கட்டிக் கோபுர உச்சிக்கு ஏற்றிவிட வேண்டும். சமவெளிதானே, பண்ணை வீட்டு மாடியிலிருந்து தெரியும். தெரிந்த உடனே அவர்கள் வேலியைத் திறந்து மாடுகளை இங்கே ஓட்டி வருவார்கள். வெள்ளையாக எது மேலே போனாலும் தண்ணீர் என்றுதான் அர்த்தம். இது பாதிரியாருக்குத் தெரியாது.

அவர் செவ்வாய்க்கிழமை போரை ஆசீர்வதிக்க வந்தார். அங்கியைத் தூசி படாமல் மாட்ட இடம் தேடியிருக்கிறார். தோள் உயரத்தில் காலியாக ஒரு கொக்கி தொங்கிக்கொண்டிருந்தது. தனக்கென்றே யாரோ மாட்டி வைத்த மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னார். ஹேங்கரோடு மாட்டிவிட்டு, பக்கத்திலேயே நின்று ஜெபப் புத்தகத்தைத் திறந்தார். வாலஸ் அண்ணன் அந்த நேரம் பார்த்துப் பைப் அடுக்குக்குப் பின்னால் கயிறு எடுக்கப் போயிருந்தார். ஈக்களைப் பற்றித் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இந்த வருஷம் அவை இரட்டிப்பு. ஒரு கையில் புத்தகம் இருந்ததால் பாதிரியார் மற்றக் கையின் ஒரு விரலைக் காதோரம் நீட்டிச் சுற்றிச் சுற்றி ஈ விரட்டினார். வெயில் எதிரே அடித்ததால் என் தொப்பியின் விளிம்பு கீழே இறங்கியிருந்தது, அதற்கு அடியில் எனக்குத் தெரிந்தது ஒரு கை மட்டும். வாலஸ் அண்ணன் நிற்கிற இடத்தில் ஒரு கை, அதில் ஒரு விரல், அது சுற்றுகிறது. நான் ஏற்றினேன். இன்னும் சுற்றியது, இன்னும் ஏற்றினேன். இவ்வளவு உயரம் எதற்கு என்று தோன்றியது, ஆனால் கேட்க வேண்டுமானால் வாயைத் திறக்க வேண்டும். கடைசியில் அவர் அண்ணாந்து பார்த்துவிட்டுப் புத்தகத்தைக் கீழே போட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே வீசினார். அது அவசர நிறுத்தம். கற்றுக்கொடுத்தபடி உடனே நிறுத்திப் பூட்டினேன். நிறுத்திய இடம் உச்சி.

அப்பா ஓடி வந்து இன்ஜினை அணைத்தார்.

"யார் கையைப் பாத்து ஏத்தினே?"

"கையைத்தான்பா பாத்தேன்."

"சரி, யாரோட கை?"

"அதைப் பாக்கலை."

உடனே இறக்கியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் காற்று அடித்து அங்கியின் ஒரு கை கப்பிக்குள் போய் மாட்டிக்கொண்டது. பாதிரியார் மேலே பார்த்துக்கொண்டே அப்பாவிடம், "கிழிச்சுடாதீங்க மெர்வ், அது பிஷப் குடுத்தது" என்றார். வாலஸ் அண்ணன் பாதுகாப்புப் பட்டை கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். பாதி ஏறியதும் அங்கேயே நின்று, "மெர்வ், மேக்கால பாரு" என்றார். மேற்கே புழுதி எழும்பிக்கொண்டிருந்தது.

முதலில் கினேன் அம்மாவின் வண்டி வந்தது, பின்னால் நீச்சல் உடையில் பிள்ளைகள், ஐஸ் பெட்டியில் பீர், ஒரு கேக்.

"எங்கே மெர்வ் தண்ணி?"

"இன்னும் வரலைம்மா."

"அப்ப மேலே என்ன அது?"

"பாதிரியாரோட அங்கி."

கினேன் அம்மா கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். "அவரு உள்ளே இருக்காரா?" என்று கேட்டார்.

எல்லாருக்கும் வந்த சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது, ஏனென்றால் புழுதிக்கு அடியில் மாடுகள் தெரிந்தன. தண்ணீரை நம்பி நடந்து வந்த மாடுகள், காய்ந்த தொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டுக் கத்தத் தொடங்கின. ரிக்கின் சேற்றுக் குழியைக்கூட நக்கின. திரும்ப ஓட்டலாமா என்று அப்பா கேட்டார். "ஓட்டினா பாதி வழியிலேயே படுத்துடும். இங்கேயே நிக்கட்டும். நீ தோண்டு" என்றார் கினேன் அம்மா. என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. அங்கே நின்ற மாடு ஒவ்வொன்றும் என் பெயரைச் சொல்லிக் கத்துவது போலவே இருந்தது. அப்பா ராடு மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "நீ ஏவிஸ் அக்காகிட்ட போறதுதான் நல்லதோ என்னவோ" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். அவர் என்னைப் பார்க்காததால் அதுவும் அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் தண்ணீர் வந்தது அத்தை. ஒழுங்காகக் கேட்டுக்கொண்டு வரவில்லை, பூமியின் ஆழத்துச் சூட்டோடு கொதிக்கக் கொதிக்க, கத்திக்கொண்டு, கோபுரத்தின் பாதி உயரத்துக்கு வந்தது. முகாமே ஆவிக்குள் போய்விட்டது. அதற்கு மேலே வால்வைப் பொருத்தி அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் துளையின் ஓரம் கரைந்து போரே போய்விடும், மாடுகளும் போய்விடும். வால்வு நாலு பேர் சேர்ந்தாலும் அசையாத இரும்பு. அதைச் சின்ன வின்ச்சில் தூக்கி, பீறிட்டு வருகிற தண்ணீருக்கு மேலாகக் கொண்டுபோய், பைப்பின் வாயில் துளைக்குத் துளை பொருந்த உட்கார வைக்க வேண்டும். லீவரை அப்பாவே பிடித்தார். வாலஸ் அண்ணன் ரப்பர் உடுப்பு போட்டுக்கொண்டு ஆவிக்குள் போனார். அப்பா வால்வைக் கொஞ்சம் இறக்குவார், நிறுத்துவார், "வாலஸ், எங்கடா நிக்கிறே" என்று கத்துவார், திரும்ப ஏற்றுவார். ஆள் எங்கே நிற்கிறான் என்று தெரியாமல் அவ்வளவு இரும்பை இறக்க அவருக்கு மனம் வரவில்லை. மூன்றாவது முறையும் ஏற்றிவிட்டு என் பக்கம் திரும்பினார். லீவரை விட்டுத் தள்ளி நின்றார்.

ஆவிக்கு வெளியே தெரிந்தது இரண்டு கைகள் மட்டும்தான். ஆள் இல்லை, தலை இல்லை, முகம் இல்லை. எனக்கு வாலஸ் அண்ணன் தினமும் அப்படித்தான் இருப்பார். ஆனால் இந்த முறை யாருடைய கை என்றும் பார்த்தேன். இடது சுண்டு விரலில் நுனி இல்லை. அவர்தான். இறக்கு என்றது, இறக்கினேன். ஒரு மயிரிழை என்று கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டியது, ஒரு மயிரிழை இறக்கினேன். நில். கொஞ்சம். நில். பிறகு முஷ்டி மூடியது. மூடிய முஷ்டியிலிருந்து கட்டைவிரல் மேலே எழுந்தது. அப்பா திருகுச் சாவியைத் தூக்கிக்கொண்டு ஆவிக்குள் ஓடினார்.

சாயங்காலம் கால்வாயில் ஆறிய தண்ணீரில் மாடுகள் முழங்கால்வரை இறங்கி நின்று குடித்தன, கினேன் அம்மாவின் பிள்ளைகளும் அவற்றோடு நின்றார்கள். கருப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே வாலஸ் அண்ணன் வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"தங்கச்சி, நாலு மாசமா ஒண்ணா சாப்பிடுறோம். என் கண்ணு என்ன நிறம் சொல்லு."

"கருப்பு."

"அது கண்ணாடிம்மா."

பாதிரியார் கேக் சாப்பிட்டுக்கொண்டே, வாலஸ் அண்ணன் கப்பியிலிருந்து கழற்றிக் கொடுத்த அங்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அங்கியின் கையில் கிரீஸ் கறை, கிழிசல் இல்லை. "நான் போறதுக்குள்ள இது ஒரு தடவை மேலே போய்ப் பாத்துட்டு வந்துடுச்சு" என்றார். தங்களிடம் இதைக் கட்டாயம் சொல்வார். சிரித்துவிடுங்கள், நல்ல மனிதர்.

ஆகையால் அத்தை, நான் கேட்பது ஒன்றுதான். திங்கட்கிழமை நான் வரவில்லை என்றால் கோபித்துக்கொள்ள வேண்டாம். பேக்கரி நல்ல இடம்தான், ரொட்டி வாசனையும் பிடிக்கும். ஆனால் கவுண்டரில் லீவர் இல்லை, வருகிறவர்கள் எல்லாரும் முகத்தோடு வருவார்கள். இங்கே நான் தப்பு செய்தது உண்மை. ஆனால் எந்த இடத்தில் தப்பு செய்தேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, இனி கையைப் பார்க்கும்போது அது யாருடையது என்றும் பார்ப்பேன். நான் ரிக்கோடு இருக்கத் தாங்கள் சம்மதம் தர வேண்டும். அப்பாவை ரேடியோவில் சொல்லச் சொன்னேன். "உன் அத்தைகிட்ட அதைச் சொல்றதுக்கு இன்னொரு போர் போட்டுடுவேன். நீயே எழுது" என்று சொல்லிவிட்டார். என்னால் பேச முடியாது, அவரால் தங்களிடம் பேச முடியாது, ஆகவே முழுப் பாரமும் இந்தக் காகிதத்தின் மேல் இருக்கிறது.

தங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது என்று வாலஸ் அண்ணன் சொல்கிறார், எங்களிடம் இப்போது வெந்நீர் ஏராளம். கடைப் பெண்களுக்கு என் அன்பு. தாங்கள் நீண்ட ஆயுளோடும் சுகத்தோடும் இருந்து என்னைத் திட்ட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
நெரிடா.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அப்பா பண்ணை வீட்டிலிருந்து வந்தார். முகம் சிவந்திருந்தது. எல்லாப் பண்ணைகளும் கேட்க ரேடியோவில் தங்களிடம் பேசிவிட்டாராம். "எம் பொண்ணு வின்ச் ஓட்டுறா, அனுப்ப மாட்டேன்" என்றாராம். தாங்கள் கவுண்டர் வேலையைப் போன வாரமே பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தாயிற்று என்றும், அந்த வின்ச்சைக் கண்ணால் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ள முடியாது என்றும், நாளைத் தபால் லாரியில் புறப்பட்டு வருவதாகவும் சொன்னீர்களாம். அந்த லாரியில்தான் இந்தக் கடிதம் லாங்ரீச்சுக்குப் போகும். தாங்கள் இறங்குவீர்கள், இது ஏறும். ஆகவே இதைத் தாங்கள் படிக்க வேண்டிய அவசியமே இல்லை, ஆனால் ஸ்டாம்ப் ஒட்டிவிட்டேன்.

தாங்கள் கேட்ட ஒரே கேள்வி இங்கே பெண்களுக்கு முறையான கழிப்பறை உண்டா என்பதாம். உண்டு என்று அப்பா சொல்லிவிட்டார். கிடையாது. கினேன் அம்மா தன் பழைய தகரக் கழிப்பறையைக் கொடுத்திருக்கிறார், அது கதவோடு இப்போது பண்ணை லாரியில் வந்து நிற்கிறது. இறக்கி வைக்க வேண்டும். வாலஸ் அண்ணன் கயிறு கட்டிவிட்டார். முன்னால் நின்று கை காட்டுவது இன்றைக்கு அப்பா. விரலை மேலே நீட்டிவிட்டு எனக்காகக் காத்திருக்கிறார், நான் போகிறேன்.