ஈருள்ளி சார் வாங்கிய ரப்பர்

ஈருள்ளி சாரைப் போல ஒரு பொட்டலத்தைப் பிரிக்கத் தெரிந்த ஆள் மைசூரில் அவருக்கு முன்னும் பிறக்கவில்லை, பின்னும் பிறக்கவில்லை. எங்கள் ஆபீஸ் ரிகார்டு ரூமில் வேண்டாத காகிதங்களைக் கழிப்பது அவர் வேலை. சுதந்திரம் வந்த புதிது. அலமாரிக்குள் மூட்டை, மூட்டைக்குள் கட்டு, கட்டுக்குள் ஃபைல், ஃபைலுக்குள் கவர், சில சமயம் அந்தக் கவருக்குள் இன்னொரு கவர் என்று பழைய காகிதம் குவிந்து கிடந்தது. மனிதர் கடைசித் தோல் வரை உரிக்காமல் விடமாட்டார். கன்னடத்தில் ஈருள்ளி என்றால் வெங்காயம். சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

கொள்ளேகால்காரர். எதைக் கண்டாலும், "உள்ளுக்குள்ள ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. அக்ரஹாரத்து ஓட்டலில் மசால் தோசை வந்தால் அதைப் பிரிப்பார். உள்ளே இருக்கும் உருளைக்கிழங்கைக் கிளறிப் பச்சை மிளகாயை மட்டும் பொறுக்கி எடுப்பார். பிறகு தோசையை வந்த மாதிரியே மடித்து வைத்துவிட்டுத்தான் சாப்பிட ஆரம்பிப்பார். அதற்குள் நாங்கள் காப்பி குடித்து, கை கழுவி, வெற்றிலையும் போட்டிருப்போம்.

கழிக்க வேண்டிய காகிதத்தின் மேல் நீலப் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கும். அதை உருவிவிட்டு, மற்றதை இருந்தபடியே கட்டிவைப்பார். எப்போதும் அடியிலிருந்துதான் தொடங்குவார். ஏன் சார் இப்படித் தலைகீழாக என்று ஒருநாள் கேட்டேன்.

"மேல இருந்து எண்ணிட்டு வந்தா, மூணாவதை எடுத்ததும் நாலாவது மூணாவதாயிருதுங்க. நாம நாலுன்னு அடுத்ததைப் பாப்போம். நடுவுல ஒருத்தன் தப்பிச்சுக்குவான்!"

கவர் காலியானால் கவரையும் கழிப்பார். அதனால் ஃபைல் காலியானால் ஃபைலையும். ஒரு தடவை இப்படியே போய் அலமாரியே காலியாகிவிட்டது. இரண்டு பியூன்களைக் கூப்பிட்டு அலமாரியையும் வெளியே தூக்கிப் போட்டார். அதன் தலையில் எங்கள் அதிகாரி தன் தொப்பியை வைத்திருந்தார். வெறுந்தலையோடு வந்து அவர் குதித்த குதியில் கட்டடம் ஆடியது.

"தொப்பிக்குள்ளயும் பாத்தேனுங்க சார். ஒண்ணும் இல்லீங்க" என்றார் ஈருள்ளி சார்.

அதிகாரிக்கு அன்றோடு பொறுமை போயிற்று. வெளியே நீலக் குறி இருக்கும் கட்டுகளைப் பிரிக்கவே வேண்டாம், சனிக்கிழமை அப்படியே எரித்துவிடுங்கள் என்று உத்தரவு போட்டார்.

"கட்டு பேடான்னா, உள்ள இருக்கறதும் பேடாங்களா சார்?" என்று, வேண்டாம் என்பதைக் கன்னடத்தில் சொல்லிக் கேட்டுப் பார்த்தார் இவர். அதிகாரி தொப்பியைத் தட்டி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமைதான் எனக்கும் கெடு. நான் தற்காலிகக் குமாஸ்தா. வேலை நிரந்தரமாக, சேர்ந்தபோது வந்த நியமன உத்தரவின் அசல் வேண்டும் என்றார்கள். அது ரிகார்டு ரூமில் எங்கேயோ இருந்தது. எனக்குப் பேசியிருந்த பெண் ஆஸ்பத்திரி நர்ஸ். நிரந்தரம் என்று தெரிந்தால்தான் சர்ச்சில் எல்லோருக்கும் அறிவிக்கும் கல்யாண ஓலையை வாசிக்கலாம் என்று அவள் அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் மூன்று நாள் தேடினேன். தும்மல்தான் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை ஈருள்ளி சார் எரிக்கப்போகிற கட்டுகளின் நடுவே உட்கார்ந்து, உத்தரவை மீறி ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தார். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. நாலு மணிக்கு ஒரு காகிதத்தோடு என் மேஜைக்கு வந்தார். கவருக்குள் இருந்த கவருக்குள் இருந்ததாம். என் உத்தரவேதான்! அதன் குறுக்கே பெரிய நீலப் பெருக்கல் குறி.

"இது உங்க பென்சில்தானுங்களே?"

என் பென்சில்தான். அந்தக் கட்டுகளுக்குக் குறி போடும் வேலை என்னுடையது. சாயங்காலம் சீக்கிரம் கிளம்புகிற அவசரத்தில் படிக்காமலே கோடு இழுத்திருக்கிறேன், என் தலையெழுத்துக்கும் சேர்த்து. குறி போட்ட காகிதத்தை ஈருள்ளி சார் திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. ஹெட் கிளார்க் கெஞ்சியே நடக்கவில்லை.

ஈருள்ளி சார் காகிதத்தை என் மேஜைமேல் வைத்தார். குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் ரப்பர். நாக்கைக் கடித்துக்கொண்டு, காகிதம் கிழியாமல் அரைமணி நேரம் தேய்த்தார்.

"நீங்க குறியை மட்டும்தானே சார் பாப்பீங்க? என்னோடதுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"எடுக்கற ஒவ்வொண்ணையும் ஒருக்காப் படிச்சுட்டுத்தானுங்க போடுவேன். யாரோ ஒருத்தரு பேரு எழுதியிருக்குமில்லீங்களா? எரியறதுக்கு முந்தி ஒருத்தராச்சும் படிக்கோணுமில்லீங்க."

இருபது வருஷமாகக் குப்பை என்று கட்டி வைத்ததையெல்லாம் அந்த மனிதர் படித்திருக்கிறார்! அவரையா நாங்கள் அத்தனை கேலி செய்தோம் என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

வேலை நிரந்தரமாயிற்று; அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஓலை வாசித்தார்கள். பெட்டியில் இருக்கும் வேண்டாத காகிதங்களைக் கழிக்கும்படி என் நர்ஸ் இப்போதும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறாள். நான் அடியிலிருந்து தொடங்குவேன். நீலக் கறை படிந்த அந்த உத்தரவு கையில் வரும். ஒருதரம் படித்துவிட்டு, கவருக்குள் கவராக மறுபடி வைத்துவிடுவேன். அதற்கு மேல் எதையும் கழிக்க எனக்குக் கை வருவதில்லை.