லக்கா ஜோடி

காலை ஏழு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. சுடலைக்கண்ணன் தகர மாடியில் புறாக் கூண்டுக்கு முன்னால் குத்தவைத்திருந்தார்.

"என்னங்க, தண்ணி பிடிக்க வாறியளா, இல்ல நீங்களும் அடை உக்காரப் போறியளா?" கீழே இருந்து பிரேமலதா கேட்டாள்.

"கத்தாத. அதுகளுக்கு டென்ஷன் ஆகும்."

"எனக்கு ஆகாதாக்கும்."

தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை ஒன்றில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வடாலாவில் அபுதாஹிரிடம் ஒரு ஜோடி லக்கா வாங்கினார். மயில் மாதிரி வாலை விரித்து நடக்கும் வெள்ளைப் புறா. கூண்டு இருந்த இடத்தில் வாஷிங் மெஷின் வைக்க வேண்டும் என்றான் மகன் கணேசபாண்டியன்.

"தீபாவளிக்குள்ள குஞ்சு பொரிக்கும். இல்லன்னா கூண்ட நானே தூக்கிப் போடுதேன்" என்று கோபத்தில் சொல்லிவிட்டார். மகன் அதை மறக்கவில்லை.

முதல் தடவை நாலு முட்டை.

"புறா ரெண்டுதான் போடும்பான். நம்ம வீட்டுல நாலு!" என்று சந்து முழுக்கச் சொன்னார்.

நாலும் கூமுட்டை.

போனில் அபுதாஹிர் "நாலா?" என்று இரண்டு தடவை கேட்டான். பிறகு சொன்னான். "வால் பக்கம் இறகு அடர்த்தி அண்ணாச்சி. சேர முடியாது. லேசா வெட்டி விடுங்க."

தோல் வெட்டும் கத்திரியை எடுத்தார். ஒரு பக்கம் சற்று அதிகமாகிவிட்டது. மறுபக்கத்தைச் சரிசெய்தார். அது அதைவிட அதிகமாகிவிட்டது.

"எப்பா, மாட்டுங்கா ஸ்டேஷன் புறா மாதிரி இருக்கே" என்றான் மகன்.

புறாக்கள் மிரண்டு மூலையில் ஒடுங்கின. மறைப்பு வேண்டும் என்று பிரேமலதாவின் பழைய சேலையைக் கூண்டைச் சுற்றிக் கட்டினார். அது பழைய சேலை இல்லை. அன்றைக்கு யாரும் அவரிடம் பேசவில்லை, புறாக்கள் உட்பட.

மறுபடி நாலு முட்டை. இந்த முறை அவர் எதையும் விதியிடம் விடவில்லை. மணிக்கொரு தடவை மொபைல் டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்துபோன புறாவைப் பிடித்து மறுபடி உட்காரவைத்தார். அது மறுபடி எழுந்தது. முட்டைகள் குளிர்ந்து கிடந்தன.

"டியூட்டி நேரத்துல ஒண்ணுகூட சீட்டுல இல்ல" என்றார்.

"மெஷின் புக் பண்ணிட்டேன்பா" என்றான் கணேசபாண்டியன்.

மூன்றாவது தடவை முட்டை வந்தபோது அவருக்குச் சந்தோஷப்படத் தெம்பில்லை. கூண்டின் முன் உட்கார்ந்தே தூங்கிப்போனார். பிரேமலதா தட்டி எழுப்பினாள்.

"ரேஷன் கடைக்குப் போய்ட்டு வாங்க. கியூவுல நின்னாவது தூங்குங்க."

"டார்ச்?"

"நான் அடிச்சுக்கிடுதேன்."

வாதாட முடியாமல் பையை எடுத்துக்கொண்டு போனார். அதன்பின் கூண்டுக்குப் பக்கத்தில் அவள் அவரை விடவே இல்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் மேலே கீச்சென்று சத்தம் கேட்டது. ஏணியில் ஏறிப் பார்த்தார். மஞ்சள் மயிரும் பெரிய மூக்குமாக இரண்டு குஞ்சுகள். பார்க்கச் சகிக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கணேசபாண்டியன் எட்டிப் பார்த்தான். போனில் மெஷின் ஆர்டரை ரத்து செய்தான்.

சாயங்காலம் அபுதாஹிர் பார்க்க வந்தான். பிரேமலதா டீ போட அவசரமாக உள்ளே போனாள்.

"பாத்தியால அபு? வால வெட்டுனது, மறைப்பு கட்டுனது, எல்லாம் நம்ம வேலை. மேற்பார்வை இருந்தா எதையும் பொரிக்க வைக்கலாம்."

அபுதாஹிர் குஞ்சுகளைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"தப்பு என்னோடதுதான் அண்ணாச்சி, நான் குடுத்தது ரெண்டுமே பொட்டை, அதான் நாலு நாலா முட்டை. பொரிக்கிற முட்டைய மதினிதான் எங்கிட்ட கேட்டு வாங்கிட்டுப் போனாவ. புறா போய்ட்டுன்னா பகல் பூரா நீங்க அடுப்படியில நின்னு அவியள மேற்பார்வை பாப்பியளாமே?"