உள்ளே இருந்த கடைசி ஆள்

கம்ப்யூட்டர் திரையைத் தட்டி, "உள்ள யாரு கீறீங்க? வெளிய வாங்க" என்று கூப்பிடும் மனிதர் கள்ளக்குறிச்சியில் ஒருவர்தான் இருந்தார். எங்கள் சாமை மண்டியில் கம்ப்யூட்டர் பொட்டிகளைப் பார்த்துக்கொண்டதால் அவருக்குப் பொட்டிக்காரர் என்று பெயர். நான் அங்கே மூட்டை தூக்கினேன். அதற்கு முன் செங்கல் சூளை, அதற்கும் முன் ஓட்டல். படிப்பு ஏழாவதோடு சரி.

அன்று பழைய டேட்டாபேஸை அழித்துவிட்டு அதே பெயரில் புதியதை ஏற்ற வேண்டும். அதுவரை கொள்முதல் கிடையாது. வாசலில் மலைக்காரர்கள் மூட்டைகளோடு நின்றார்கள். ஆனால் யாராவது அதைத் திறந்து வைத்திருந்தால் அழியாதாம்.

"இணைப்பை வெட்டி வுடுய்யா" என்றார் முதலாளி.

"ஆளு சோறு துன்னுக்கினு இருக்கசொல்ல எலையை இழுப்பீங்களா?" என்று பதறினார் பொட்டிக்காரர்.

ஆகவே கிளைகளுக்குப் போன். நைனார்பாளையத்தில் மூடிவிட்டார்கள். கச்சிராயபாளையத்துக்காரரை ஒயரையே பிடுங்க வைத்தார். அப்படியும் ஒரு இணைப்பு அசையவில்லை. மிச்சம் வெள்ளிமலைக் கிளை. அங்கே செல்வி என்ற பெண்.

"நான் எப்பவோ மூடிட்டேன் சார்."

"பொய் சொல்லாதம்மா! உன்னாலதான் உங்க ஊரு சனமே வெயில்ல காஞ்சிக்கினு கீது."

முதலாளி போனைப் பிடுங்கினார். "நாளையிலேர்ந்து நீ வர வேணாம்."

நானும் என் பங்குக்கு, "இதுங்களுக்கெல்லாம் இன்னா தெரியும்?" என்றேன். எழுதவே கூசுகிறது.

பொட்டிக்காரர் கோபத்தோடு தன் திரையில் கிடந்ததையெல்லாம் மூடினார். நகலைச் சரிபார்க்கக் காலையில் அவரே திறந்த பழைய டேட்டாபேஸின் பக்கம் அடியில் கிடந்தது. அதை மூடியதும் கடைசி இணைப்பு மறைந்தது.

அவர் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. எழுந்து நின்றார். "ஐயா, உள்ள இருந்தது நான்தான். அந்தப் பொண்ணு இல்ல."

"சரி, வரச் சொல்லு. போன்ல சொன்னா போதும்."

"திட்டனத ஊரே கேட்டுது. மன்னிப்பு மட்டும் காதுக்குள்ளயா?"

புதியதை ஏற்றிவிட்டு வெள்ளிமலை பஸ்ஸைப் பிடித்தார். நானும் ஏறினேன். கொண்டை ஊசி வளைவு ஒன்று விடாமல் வாந்தி எடுத்தார். கிளைக் கடையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் செல்வியைக் கும்பிட்டார்.

"மூஞ்சியே வெளுத்துக்கினு கீது, மொதல்ல உக்காருங்க சார்."

"நாளைக்கி வருவியா, அத சொல்லும்மா."

"வரேன். அடுத்த வாட்டி உங்க பொட்டியையும் தட்டிப் பாருங்க."

கடையே சிரித்தது. அவர் தலை நிமிரவில்லை. நான் சொன்னது அவள் காதில் விழுந்ததா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

பஸ் மலை இறங்கும்போது ஜன்னலோர சீட்டு கிடைத்தது எனக்கு. அதை எவனுக்கும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை நான். அவருக்குக் கொடுத்தேன், அவர் தூங்கிச் சாய்ந்தபோது தோளையும்.