ஒரே ராக்கெட்டுக்குக் கீரியும் பாம்பும்

மழைக்குப் பேர்போன ஒரு காட்டில் பூங்காவனம் என்றொரு கீரி இருந்தது. ஒவ்வொரு அடைமழைக்கும் அதன் வளைக்குள் தண்ணீர் புகுந்துவிடும். ஒரு தடவையாவது மேகத்துக்கு மேலே போய் நனையாமல் இருந்து பார்க்க வேண்டும் என்று அதற்கு வெகுநாள் ஆசை. காட்டு விண்வெளிக் கழகம் இரண்டு பேரை ராக்கெட்டில் அனுப்பப் போகிறது என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாகப் போய் நின்றது.

பயிற்சிக்குப் பொறுப்பு கரடி டாக்டர். அவர் கீரியை ராட்டினத்தில் கட்டிச் சுழற்றினார். சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. ஆசை மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. எடையில்லாமல் மிதந்து பழக, கனத்த உடுப்போடு குளத்தில் இறக்கினார். திரும்பி வரும்போது கலம் வழிதவறி எங்காவது இறங்கிவிட்டால் பிழைக்கத் தெரிய வேண்டுமே என்று, ஆபத்தான இடமாகப் பார்த்துத் தனியே விட்டுவிட்டு வந்தார். அதாவது பஸ் ஸ்டாண்டில். எல்லாவற்றிலும் பூங்காவனம் தேறியது. அதோடு தேறிய இன்னொருவர் பெயர் ஆவுடையப்பன். அது நல்லபாம்பு.

கடைசிப் பரீட்சைக்கு இரண்டையும் ஒரு சின்ன அறையில் வைத்துப் பூட்டினார்கள். எப்போது வேண்டுமானாலும் அபாய மணி அடிக்கும். அடித்தவுடன் விசையை அழுத்த வேண்டும். ஒரு மூலையில் கீரி பாம்பைப் பார்த்தபடி உட்கார்ந்தது. எதிர்மூலையில் பாம்பு கீரியைப் பார்த்தபடி கிடந்தது. நாள் கணக்காக இரண்டும் கண்ணயரவில்லை. மணி அடித்து ஓய்வதற்குள் விசை அழுந்தியிருக்கும். வெளியே திரையில் பார்த்துக்கொண்டிருந்த கரடி, இப்படியொரு ஜோடி இதுவரை அமைந்ததில்லை என்று பூரித்துப்போனார்.

ஒருநாள் ஆவுடையப்பனின் கண்கள் பால்போல வெளுத்தன. சட்டை உரிக்கும் பருவம். பழைய தோல் கண்ணை மறைத்துவிட்டது.

"எனக்கு இப்போ கண்ணு தெரியலை," என்றது பாம்பு. "உனக்கு இதைவிடத் தோதான நேரம் வராது."

பூங்காவனம் கிட்டே போனது. கழுத்து எங்கே இருக்கிறது என்று கீரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குனிந்து அந்த இடத்தை உற்றுப் பார்த்தது.

"தலைப்பக்கம் ஒட்டிக்கிட்டிருக்கு. ஆடாம இரு," என்று கடைசியில் சொல்லி, பழைய தோலைப் பல்லால் பிடித்து மெல்ல உரித்துவிட்டது.

அதோடு இரண்டுக்கும் பயம் விட்டுப்போனது. ஆவுடையப்பன் சுருண்டு படுத்தது. பூங்காவனம் அதன்மேல் தலைசாய்த்தது. எத்தனையோ நாள் பாக்கித் தூக்கம். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

கரடிதான் கதவைத் திறந்து இரண்டையும் எழுப்பினார். "உங்களுக்குள்ள இப்படி ஒத்துப்போகும்னு தெரிஞ்சிருந்தா, அப்பவே வேற ஆளைப் பார்த்திருப்பேனே," என்று வருத்தப்பட்டார்.

அவர் பார்த்த வேறு ஆட்கள், ஒரு கொய்யாமரத்தைப் பாகம் பிரிப்பதில் பேச்சை முறித்துக்கொண்ட அணில் சகோதரர்கள். ராக்கெட் கிளம்பியபோது பூங்காவனம் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து அழுதது. ஆவுடையப்பன் பக்கத்தில் இருந்து ஆறுதல் சொன்னது. அந்த ஆறுதலில் கீரி மறுபடி தூங்கிவிட்டது.

அணில்கள் வழிநெடுக ஒன்றின் கையை ஒன்று கண்காணித்தபடி இருந்ததால் ஒரு சின்னப் பிழைகூட நேரவில்லை. பத்திரமாகத் தரையிறங்கி, கதவு திறந்ததும் கடித்துக்கொண்டன. காடே எழுந்து நின்று கைதட்டியது.

நீதி: விண்வெளிக்குப் போக விரும்புகிறவர்கள், கூட வருபவரை மன்னிக்கும் வேலையைத் திரும்பி வந்தபின் வைத்துக்கொள்ளவும்.