நாணயம் மாறாச் சான்று

முதுகு எல்லா நாட்டிலும் ஒரே இடத்தில்தான் அரிக்கிறது. கை எட்டாத இடத்தில். இந்த உலகப் பொது உண்மையை நம்பித்தான் என் அக்கா வேலையை விட்டாள்.

விட்டாள் என்றால் சும்மா விடவில்லை. "இனிமே உங்க முதுகை நீங்களே சொறிஞ்சுக்கங்க" என்று மேலாளரிடம் சொல்லிவிட்டு வந்தாள். வந்த வேகத்தில் ஒரு மரப்பட்டறையைப் பிடித்து, முதுகு சொறியும் கோல்களைச் செய்யச் சொல்லி, இணையத்தில் கடை திறந்தாள். கடைக்கான வலைத்தளத்தைக் கட்டிக் கொடுத்தவன் நான். தம்பி என்பதால் சம்பளம் கிடையாது. சாப்பாடு உண்டு, திட்டும் உண்டு.

வியாபாரம் நடந்தது. மெதுவாக நடந்தது. பிறகு உட்கார்ந்துவிட்டது. உள்ளூர்க்காரர்கள் சீப்பையும் கதவு நிலையையும் வைத்தே காரியத்தை முடித்துக்கொள்கிறவர்கள். படுக்கையறை முழுக்கக் கோல்கள் நிறைந்துவிட்டதால் மாமா கூடத்தில் படுத்துக்கொண்டார். "இப்படியே போனா நீ அந்த மேலாளர் கால்லதான் போய் விழணும்" என்றார். அக்கா மிச்சமிருந்த கோல்களை மறுபடியும் எண்ண ஆரம்பித்தாள். அவள் எண்ண ஆரம்பித்தால் உண்மையிலேயே பயந்திருக்கிறாள் என்று அர்த்தம். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. என் சோறும் அந்த வீட்டில்தானே.

அந்தச் சமயத்தில் கடல் கடந்த ஒரு பெரிய தங்கும் விடுதியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அறைக்கு ஒரு கோல் வாங்கிப் போட விருப்பமாம். ஆனால் விலை அவர்கள் நாட்டுப் பணத்தில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அவர்களுடைய கணக்குப் பிரிவு பொத்தானை அழுத்தாதாம்.

இதென்ன பிரமாதம் என்று, வருகிறவர் எந்த நாடு என்று பார்த்து அந்த நாட்டுப் பணத்தில் விலை காட்டும் வசதியை மதியச் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவில் எழுதி முடித்துவிட்டேன். எழுதலாம், போட முடியாது. வலைக்கடையில் ஒரு பொத்தானின் நிறத்தை மாற்றுவதானாலும் இணைய வணிக ஒழுங்குமுறை அலுவலகத்தின் முன் அனுமதி வேண்டும். அந்த அலுவலகத்துக்கு அப்போது ஒரு மோகம் பிடித்திருந்தது. விண்ணப்பத்தில் கொச்சையான சொல் இருக்கக் கூடாது. 'காசு' என்று எழுதிய ஒருவருடைய விண்ணப்பம் 'சொல்லாட்சி திருப்திகரமாக இல்லை' என்று திரும்பி வந்ததாம். அதனால் அக்கா கௌரவமாக எழுதினாள்: 'எமது இணையக் கடையில் நாணய மாற்று வசதி ஏற்படுத்திக்கொள்ள அனுமதி அளிக்குமாறு பணிவன்புடன் வேண்டுகிறோம்.'

தபாலைப் பிரிப்பவர் 'நாணயம்' என்பதைப் பார்த்தார். நாணயம், நேர்மை, ஒழுக்கம் எல்லாம் நன்னடத்தைப் பிரிவு. அங்கே அனுப்பிவிட்டார்.

நன்னடத்தைப் பிரிவின் அதிகாரி, எந்தத் தாள் வந்தாலும் 'ஆவன செய்க' என்று எழுதிக் கீழே அனுப்பிவிடுவார். அதனால் அவருக்கு ஆவன சார் என்றே பெயர். அந்தப் பிரிவில் அவருக்குக் கீழே யாரும் இல்லை என்பதால் அனுப்பிய தாள் அவரிடமே திரும்பி வரும். எங்கள் தாளும் அப்படிச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் அவரே களைத்துப்போய் எங்களைக் கூப்பிட்டனுப்பினார்.

"உட்காருங்கம்மா. நாணயத்தை மாத்தணும்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார்."

"இருக்கிற நாணயத்துக்கு என்ன குறை?"

"உள்ளூருக்கு அது போதும் சார். வெளிநாட்டுக்காரங்ககிட்ட செல்லாது" என்றாள் அக்கா.

"அப்ப ஆளுக்கு ஒரு நாணயமா?"

"ஆளுக்கு இல்ல சார், நாட்டுக்கு ஒண்ணு. யார் எங்கேருந்து வர்றாங்கன்னு பார்த்து அதுக்கேத்த மாதிரி காட்டுவோம்."

"இப்பல்லாம் எல்லாக் கடையிலயும் அதான் சார் வழக்கம்" என்றேன் நான், என் பங்குக்கு.

"எல்லாக் கடையிலயுமா!" ஆவன சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரி, ஒருதடவை மாத்தினா அப்புறம் மாத்த மாட்டீங்களே?"

"தினமும் மாறும் சார். காலையில ஒண்ணு இருக்கும், சாயங்காலம் ஒண்ணு இருக்கும். நாம எதுவும் பண்ண வேண்டாம், அதுவே மாறிக்கும்."

"மனசு உறுத்தாதா?"

"இதுல உறுத்த என்ன சார் இருக்கு? நம்ம நாணயம் வருஷக்கணக்கா இறங்கிக்கிட்டேதான இருக்கு. பேப்பர்லயே போடுறாங்களே."

ஆவன சார் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். "எத்தனையோ வருஷமா இந்தப் பிரிவுல இருக்கேன். இதுக்குன்னு அனுமதி கேட்டு வந்தவங்க நீங்க ரெண்டு பேர்தான். மத்தவங்கல்லாம் கேக்காமலே மாத்திக்கிறாங்க."

அக்காவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "ஐயோ சார், நான் சொல்றது காசு! பணம்! துட்டு!"

"மெதுவா, மெதுவா" என்று ஆவன சார் பதறிப்போய்க் கதவைப் பார்த்தார். "அதையெல்லாம் இந்த அறையில வச்சுப் பேசக் கூடாதும்மா!"

அவருக்கு விளங்க வைப்பதற்குள் எங்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. ஒருவழியாக விளங்கியது. விளங்கி என்ன பயன்? கோப்பைத் திறந்தாகிவிட்டது. நன்னடத்தைக் கோப்பைத் திறந்தால் முடிவு எழுதாமல் மூட முடியாது என்பது விதி.

"நிதிப் பிரிவுதான் இதைப் பார்க்கணும். ஆனா உங்க நாணயம் மாறலைன்னு நான் சான்று கொடுத்தாத்தான் கோப்பு இங்கேருந்து நகரும்" என்றார்.

"கொடுங்க சார், புண்ணியமாப் போகும்" என்றாள் அக்கா.

கொடுத்தார். 'இந்நிறுவனத்தின் நாணயமானது இடத்துக்கு இடம் மாறாதது, காலத்துக்குக் காலம் ஏறி இறங்காதது, எதிரில் நிற்பவர் எவராயினும் ஒரே அளவினது எனச் சான்றளிக்கப்படுகிறது.' முத்திரையும் குத்தினார்.

அதை எடுத்துக்கொண்டு நிதிப் பிரிவுக்கு ஓடினோம். அங்கிருந்த அம்மையார் சான்றை நிதானமாகப் படித்தார். "நாணயத்தை மாத்த அனுமதி கொடுக்கறதுல எங்களுக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா உங்க நாணயம் மாறாதுன்னு முத்திரையோட இருக்கே. மாறாததை எப்படி மாத்துவீங்க?"

"அது வேற நாணயம் மேடம், இது வேற நாணயம்."

"சொல் ஒண்ணுதானே?"

"சொல் ஒண்ணுதான். பொருள் வேற."

"நாங்க பொருளுக்குள்ள போறதில்ல" என்றார் அம்மையார்.

அவர் அரும்பாடுபட்டு ஒரு நடுவழி கண்டுபிடித்தார். நாட்டுக்கு நாடு பணத்தின் குறியை மாற்றிக்கொள்ளலாம். எண்ணை மாற்றக் கூடாது. எங்கள் கோலின் விலை முந்நூறு. ஆகவே உலகத்தில் எந்த மூலையிலிருந்து யார் பார்த்தாலும், அவர்கள் ஊர்ப் பணத்தில் முந்நூறு.

அந்த விடுதி இருந்த நாட்டுப் பணத்தில் முந்நூறு இருந்தால் எங்கள் ஊரில் மெத்தையோடு ஒரு நல்ல கட்டிலே வாங்கலாம். அக்கா அன்று சாப்பிடவில்லை. மேலாளருடைய தொலைபேசி எண்ணைத் தேடி எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் விலையைப் போட்டேன்.

மறுநாள் பதில் வந்தது. 'மன்னிக்கவும். உங்கள் பொருளின் தரத்தை நாங்கள் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம்.' எல்லா அறைக்கும் வேண்டாமாம். பெரிய மனிதர்கள் தங்கும் அறைகளுக்கு மட்டும் போதுமாம். கோலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, மேலே சின்னதாக ஒரு விளக்கும் போட்டார்கள்.

பிறகு நடந்ததை நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனால் இதைவிட மோசமானதையெல்லாம் நீங்கள் காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். கோல் நாகரிகமாகிவிட்டது. அரிப்பே இல்லாதவர்கள்கூட விருந்துக்குப் போகும்போது கையில் ஏந்திப் போனார்கள். சொறிந்தால் மட்டமாக நினைப்பார்கள் என்பதால் யாரும் சொறியவில்லை. எங்கள் ஊர்ப் பணக்காரர் ஒருவர் வெளிநாடு போய் எங்கள் கோலையே வாங்கி வந்து, "இந்த வேலைப்பாடெல்லாம் நம்ம ஆளுங்களுக்கு வராதும்மா" என்று அக்காவிடமே காட்டினார். அக்கா தடவிப் பார்த்துவிட்டு, "வராதுங்க" என்றாள். படுக்கையறை காலியாகி மாமா கட்டிலுக்குத் திரும்பினார்.

ஒரே ஒரு சிக்கல்தான். முந்நூறுக்குத் தீப்பெட்டிகூட வராத நாடும் உலகத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஒருவர் ஒரு கப்பல் நிறையக் கேட்டிருந்தார்.

"டேய், அந்த நாட்டுக்காரங்க வந்தா மட்டும் சரக்குத் தீர்ந்துபோச்சுன்னு காட்ட முடியுமா?" என்றாள் அக்கா.

"முடியும். ஆனா சரக்கு இருக்கேக்கா."

"இல்லைன்னு யார் சொன்னா? காட்டாதன்னுதான் சொல்றேன்."

ஒரே ஒரு வரி எழுதினேன். அதற்கு முன் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் பொத்தானின் நிறத்துக்கே மாதக்கணக்கில் இழுப்பார்கள்.

எங்களைப் பார்த்து மற்ற வலைக்கடைக்காரர்களும் ஆவன சாரிடம் போய்ச் சான்று வாங்கினார்கள். துடைப்பம், மிதியடி, தலையணை உறை எல்லாம் உலகெங்கும் ஒரே எண்ணில் விற்றன, பல நாடுகளில் தீர்ந்தும் போயின. அந்த நேரம் பார்த்து அலுவலகத்துக்குப் புதிதாக ஓர் இயக்குநர் வந்தார். படித்தவர், ஆகவே ஆபத்தானவர். கோப்புகளைப் புரட்டி, நாணயம் என்பதற்கு இரண்டு பொருள் உண்டு என்பதைக் கண்டுபிடித்துவிட்டார். இனி விலையை அன்றாட மாற்று மதிப்பின்படியே காட்டலாம், காட்டவும் வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. நாங்கள் முதலில் கேட்டது எதுவோ, அது அப்படியே கிடைத்துவிட்டது.

அக்கா அறிவிப்பைப் படித்துவிட்டு உட்கார்ந்தாள். "நம்மள வாழ விட மாட்டாங்கடா இந்த ஆபீசருங்க" என்றாள்.

அந்த வாரமே அலுவலக வாசலில் கூடினோம். அக்கா முன்னால் நின்றாள், துடைப்பக்காரர் பின்னால் நின்றார், கோஷம் எழுதிக் கொடுத்தது நான்.

"மாற்றாதே மாற்றாதே!"

"எங்கள் நாணயத்தை மாற்றாதே!"

தெருவே அதிர்ந்தது. பத்திரிகைக்காரர்கள் வந்துவிட்டார்கள். நாணயத்துக்காகப் போராடுகிற மக்களை எதிர்த்து எந்த இயக்குநர் அறிக்கை விட முடியும்? மதியத்துக்குள் அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

ஆவன சார் படியிறங்கி எங்களிடம் வந்தார். அவர் குரல் தழுதழுத்தது. "நாட்டுல நாணயமே செத்துப்போச்சுன்னு நினைச்சிருந்தேன். இத்தனை பேர் இருக்கீங்களே!" என்றவர், எங்கள் நாணயம் என்றும் மாறாது என்று ஒரு தாளில் உறுதிமொழி எழுதி, சட்டைப் பையிலிருந்து தன் பேனாவையும் எடுத்துக் கொடுத்தார். துடைப்பக்காரர் விசும்பியே விட்டார். ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குத் தாளும் பேனாவும் போக, அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டோம்.

தாள் ஆவன சாரிடம் திரும்பி வந்தது. மடித்து வைத்துக்கொண்டு, பேனாவைக் கேட்டார்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அது எங்கள் யாரிடமும் இல்லை.