கனகலட்சுமிக்கு வசவு கற்றுத் தந்த வாரியம்

சங்கரன்கோவிலில் மாலை நேரம் இறகுப்பந்து ஆடுவோரின் நலன் கருதி, பொழுதுபோக்கு விளையாட்டு நெறிப்படுத்தும் வாரியம் ஓர் அலுவலரை நியமித்தது. அதற்கு முன்பும் நாங்கள் நலமாகத்தான் இருந்தோம். வாரியத்துக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை.

அப்போது ஆட்டம் இப்படி இருந்தது. பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் துரைப்பாண்டி அண்ணாச்சி, ஒரு கையில் மட்டையும் மறு கையில் போனுமாக ஆடுவார். பந்து மேலே போய்க் கீழே வருவதற்குள் மல்லிகைக்கு ஒரு விலை சொல்லிவிடுவார். கடையநல்லூரிலிருந்து வரும் பல் டாக்டர் நஸ்ரின் பானு, பாயிண்ட் எடுத்தால் எதிராளியிடம் மன்னிப்புக் கேட்பார். அன்றாடம் பல்லைப் பிடுங்கிப் பிடுங்கி வந்த பழக்கம்.

இவர்களையெல்லாம் மிஞ்சியவர் கனகலட்சுமி. பஸ் ஸ்டாண்ட் அருகே ஜெராக்ஸ் கடை நடத்துகிறார். பகல் முழுக்க, 'இந்தா தாரேன் சார், கொஞ்சம் பொறுங்க சார்' என்றே பேச வேண்டிய தொழில். வீட்டுக்குப் போனால் மாமியாரிடமும் ஏறக்குறைய அதே வசனம். அதனால் சர்வீஸ் போடுமுன் பந்தை முகத்துக்கு நேரே பிடித்து வைவார்.

"ஏலே மொட்டக்கோழி, அங்கன மூலையில போயி விழுந்தேன்னா பொழச்ச. வலையில மாட்டுன, மிச்ச றெக்கையையும் பிச்சிருவேன்."

பந்து சொன்ன மூலையில் போய் விழும். எதிராளி சிரித்துக்கொண்டு நிற்பார். வைதால் திருப்பிப் பேசாத ஒரே ஜீவன் பந்துதான் என்று கனகலட்சுமி டாக்டரம்மாவிடம் ஒருநாள் சொன்னாராம்.

அலுவலர் பாண்டியராஜ் பொறுப்பேற்ற அன்றே, சொந்தச் சேட்டைகள் அனைத்தும் தடை செய்யப்பட்டன. போன் கூடாது. மன்னிப்புக் கூடாது. வசவு அறவே கூடாது. பந்து வாரியத்தின் உடைமை என்றும், வாரியத்தின் உடைமையை ஏலே என்று விளிப்பது வாரியத்தையே விளிப்பதாகும் என்றும் அவர் விளக்கினார். மரியாதையாகப் பேசுவதானால் பரிசீலிக்கலாம் என்றும் பெருந்தன்மையோடு சொன்னார்.

கனகலட்சுமி முயன்று பார்த்தார். "ஐயா, தயவுசெஞ்சு அந்த மூலையில போயி விழுங்க" என்று கேட்டுக்கொண்டு அடித்தார். பந்து வலையில் விழுந்தது. மறுபடி கேட்டுக்கொண்டார். மறுபடியும் வலை. கெஞ்சிக் கேட்டு எந்தக் காரியம் நடந்திருக்கிறது என்று முணுமுணுத்துவிட்டு மட்டையை உறையில் போட்டார். அதன்பின் அவர் வரவில்லை. கடையில் உட்கார்ந்திருக்கும்போது முகம் செத்துப்போய் இருந்ததாக, ஆதார் நகல் எடுக்கப் போனவர்கள் சொன்னார்கள். நாங்கள் வருத்தப்பட்டோம். வருத்தப்பட்டுக்கொண்டே, ஒழுங்காக, ஓசையில்லாமல் ஆடினோம்.

இந்நிலையில் அலுவலர் சென்னைக்குப் பயிற்சி முகாமுக்குப் போனார். போகும்போது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். திரும்பும்போது கிளிப்பச்சையில் ஒரு டீ-சர்ட்டும் மணிக்கட்டில் கட்டிய கலர்க் கயிறுமாக வந்து இறங்கினார். ஒவ்வொருவரும் அவரவராக இருப்பதே உலகப்போக்கு என்றும், வாரியம் அதைக் கொள்கையாக ஏற்றுவிட்டது என்றும் அறிவித்தார். ஆகவே வரும் திங்கள் முதல் தனித்தன்மை கட்டாயம். இல்லாதவர்களுக்கு மைதானத்தில் இடமில்லை.

எங்களிடம் தனித்தன்மை எதுவும் இருப்பு இல்லை. இருந்ததையும் போன உத்தரவில் தலைமுழுகியிருந்தோம்.

அலுவலர் தாமே ஜெராக்ஸ் கடைக்குப் போய்க் கனகலட்சுமியை அழைத்துவந்து, நடுவில் நிறுத்தி, வையச் சொன்னார். அவரும் அத்தனை நாள் அடக்கிவைத்ததைச் சேர்த்து வைதார். கேட்கவே குளிர்ச்சியாக இருந்தது. அலுவலர் கைதட்டி, இதுவே மாதிரித் தனித்தன்மை என்றார்.

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்து அது நிராகரிக்கப்பட்டால் என்ன செய்வது? ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்டதை எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. திங்கள்கிழமை மைதானத்தில் எல்லோரும் பந்தை முகத்துக்கு நேரே பிடித்து, "ஏலே மொட்டக்கோழி" என்றோம். துரைப்பாண்டி அண்ணாச்சி போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு வைதார். டாக்டரம்மா வைதுவிட்டுப் பந்திடம் மன்னிப்பும் கேட்டார். ஒருவருக்கு இரண்டு தனித்தன்மை அனுமதி இல்லை என்று அவருக்கு எச்சரிக்கை தரப்பட்டது.

கனகலட்சுமி சுற்றிலும் பார்த்தார்.

"கடையிலதான் நாள் முழுக்க ஒண்ணையே நூறாப் போடுதேன். இங்கனயுமா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

நிறைய பேர் வைதால் பந்து இன்னும் நன்றாகக் கேட்கும்தானே என்று துரைப்பாண்டி அண்ணாச்சி பதில் சொன்னார். அவர் சொன்னதில் எங்களுக்குக் குறை தெரியவில்லை.

பிறகு, வாரியத்தின் மேலதிகாரி முன்னிலையில் தனித்தன்மைத் திருவிழா நடந்தது. மைதானமே ஒரே குரலில் வைதது. அந்தச் சத்தத்தில் கனகலட்சுமி வாய் திறந்து பார்த்தார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு, பேசாமல் ஆடி, எல்லா ஆட்டத்திலும் ஜெயித்தார்.

அலுவலர் அவரைத் தனியே அழைத்தார்.

"ஏம்மா, உங்க தனித்தன்மை எங்க?"

"எல்லாரும் எடுத்துக்கிட்டாக சார்."

"அப்படின்னா உங்ககிட்ட ஒண்ணும் இல்ல."

"இப்போதைக்கு இல்ல சார்."

விதி தெளிவாக இருந்தது. அவர் நீக்கப்பட்டார். தனித்தன்மைக்கான முதல் பரிசு துரைப்பாண்டி அண்ணாச்சிக்குக் கிடைத்தது. கனகலட்சுமி போலவே அச்சு அசலாக வைதார் என்று மேலதிகாரி புகழ்ந்தார். கனகலட்சுமி விரும்பினால் அண்ணாச்சியிடம் வசவு பயின்று, தேறிய பின் மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்றும் கருணை காட்டப்பட்டது.

கனகலட்சுமி சிரித்தார். சிரித்தபடியே மட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். டாக்டரம்மாவும் கூடவே போனார்.

இப்போது அவர்கள் இருவரும் விசைத்தறிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் காலிமனையில், வலைகூட இல்லாமல் ஆடுகிறார்கள். தறிச் சத்தத்தையும் மீறி ஒருவர் வைவதும், மற்றவர் மன்னிப்புக் கேட்பதும், இருவரும் சேர்ந்து சிரிப்பதும் ரோடு வரை கேட்கிறது. வலை இல்லாமல் ஆடுவது ஆட்டமே ஆகாது என்று நாங்கள் ஒருமனதாக முடிவு செய்திருக்கிறோம்.

போன வாரம் பாண்டியராஜ் சார் மாற்றலாகிப் போனார். அவர் போட்ட உத்தரவுகளும் அவரோடு காலாவதியாகிவிட்டன. இனி யாரும் எப்படியும் ஆடலாம். வையலாம், வையாமலும் இருக்கலாம்.

அன்று மாலை எல்லோரும் வந்தோம். வலையைக் கட்டினோம். மட்டையைப் பிடித்துக்கொண்டு அவரவர் இடத்தில் நின்றோம். சர்வீஸ் போட வேண்டியவர் பந்தைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இருட்டும்வரை அப்படியே நின்றோம்.

மறுநாள், மைதானத்தில் சீர்கேடு மலிந்துவிட்டதாகவும் உடனே ஓர் அலுவலரை நியமிக்க வேண்டுமென்றும் கேட்டு வாரியத்துக்கு மனு அனுப்பினோம். அவர் வந்து சேரும்வரை யாரும் சர்வீஸ் போடக் கூடாது என்று எங்களுக்கு நாங்களே ஓர் உத்தரவும் போட்டிருக்கிறோம். அது மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது.