முகம் தெரியாத வேலை

செய்தி தொடங்கச் சற்று நேரமே இருந்தபோது, வாசிப்பவளுக்கு எழுத்தை ஓட்டிக் காட்டும் திரை கண்ணை மூடிக்கொண்டது.

"கேப்டன், திரை செத்துப் போச்சு!" என்று ஸ்டுடியோவுக்குள்ளிருந்து அலறினாள் குயில். அவள்தான் அன்று செய்தி வாசிப்பவள். பார்த்து வாசித்தால் குயில். பார்க்காமல் என்றால் பேச்சே வராது.

கேப்டன் என்பது அந்த இறுதியாண்டு மாணவிக்கு வகுப்பு வைத்த பட்டம். கல்லூரிச் சேனலின் இன்றைய நேரலைக்கு இயக்குநர் அவள்தான். வீட்டில் அப்பா உறவையெல்லாம் கூட்டி டிவி முன்னால் உட்கார வைத்திருந்தார். காலையிலேயே பெரிய அத்தை போனில் ஊசி ஏற்றியிருந்தாள்: "இயக்குநர்னா டிவியில வரமாட்டியாமே? முகமே தெரியாத வேலைக்கா உங்கப்பன் இந்தப் பீத்து பீத்திக்கிறான்?"

மகளின் பக்கத்தில் இருந்து கேட்ட அப்பா செய்தித்தாளை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். அதுதான் மகளுக்குச் சுருக்கென்றது. இன்று நேரலை பாதியில் நின்றால் அத்தை முன்னால் அப்பா தலைகுனிய வேண்டும். அது மட்டும் நடக்கக் கூடாது.

"நம்ம திரையைக் கழட்டி அவகிட்டக் கொடு," என்றாள் கேப்டன்.

பட்டன் திடுக்கிட்டான். கேமராக்களை மாற்றிவிடும் பொத்தான் பலகை அந்த வகுப்புத் தோழனின் பொறுப்பு. அதனால் அந்தப் பெயர். "அப்புறம் வெளியில என்ன போகுதுன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"எந்தப் பட்டனை அழுத்தினேன்னு உனக்குத் தெரியுமில்ல? அது போதும்."

திரை கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஸ்டுடியோவுக்குப் போனது. சொருக இடமில்லை. இரண்டாம் கேமராவின் பிளக்கைப் பிடுங்கிச் சொருகினார்கள், கேமரா படுத்துவிட்டது. அலமாரியில் கிடந்த, பேட்டரியில் ஓடும், மைக்கும் சேர்ந்த இன்னொரு கேமராவை எடுத்து அந்த லைனில் மாட்டினார்கள். அதன் ஸ்டாண்டுக்குக் கால் உடைந்திருந்தது.

"இங்கேயே நம்ம ரூம் மேஜை ஓரத்துல வை. ஒண்ணாம் கேமராவை வச்சே ஓட்டிடலாம்," என்றாள் கேப்டன்.

மாட்டிய அவசரத்தில் பொத்தான் பலகை உறைந்து நின்றது. அணைத்துப் போட்டதும் புதிதாய்ப் பிறந்ததுபோல் உயிர் வந்தது.

"ஒண்ணுல போட்டுட்டியா?"

"முன்னாடியே போட்டேன். அப்படியேதான் இருக்கும்."

நேரலை தொடங்கியது. குயில் "வணக்கம்" என்றாள். அதற்கு மேல் வரவில்லை. கண்ணாடிக்கு அப்பாலிருந்து கையைக் கவிழ்த்துக் காட்டினாள். புதிதாக வந்த திரையில் எழுத்தெல்லாம் தலைகீழாக நின்றுகொண்டிருந்தது!

கேப்டன் செய்தி எழுதிய தாள்களை அள்ளினாள். குயிலின் காதுக்குப் போகும் மைக்கைப் பிடித்தாள். "நான் சொல்றேன், நீ அப்படியே திருப்பிச் சொல்லு. நிறுத்தின, கொன்னுடுவேன்."

இவள் ஒரு வரி, அவள் ஒரு வரி. நூலகம் திறந்தது, பேருந்து நேரம் மாறியது, பந்தயத்தில் தோற்றது எல்லாம் தடதடவென்று ஓடின. நடுவில் ஸ்டுடியோ விளக்கு போய்த் தொலைந்தது.

"டேய், எல்லாரும் போன் லைட்டை அடிங்கடா! அவ மூஞ்சியில அடி, கூரையில என்ன இருக்கு? குயிலு, நீ பாட்டுக்குச் சொல்லு... நாளை மழைக்கு வாய்ப்பு..."

மழையும் பெய்து முடிந்தது. "நன்றி, வணக்கம்" என்றாள் கேப்டன். "நன்றி, வணக்கம்" என்றாள் குயில்.

பட்டன் நாற்காலியில் ஏறி நின்று கைதட்டினான். குயில் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். கேப்டனுக்கு நெஞ்சு விம்மி நிமிர்ந்தது. ஒரு நொடிகூட நிற்கவில்லை. முகம் தெரியாவிட்டால் என்ன, அத்தனையையும் தாங்கிப் பிடித்தது அவள் அல்லவா!

போன் அடித்தது. அப்பா.

"அம்மாடி..." என்றார். "என் வயிறு குளிர்ந்து போச்சும்மா. வீடே எழுந்து நின்னு கைதட்டுச்சு."

"நிஜமாவாப்பா? உள்ள எவ்வளவு கூத்து தெரியுமா? உங்களுக்கு ஒண்ணும் தெரியலையே?"

அதற்குள் போன் கைமாறியது. பெரிய அத்தை.

"ஏண்டி, டிவியில வரமாட்டேன்னு எதுக்குப் பொய் சொன்ன? ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் உன் முகத்தைத்தானே காட்டினாங்க! அது இருக்கட்டும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு நீ வாசிச்சதையெல்லாம் திருப்பித் திருப்பிச் சொல்லிட்டிருந்துச்சே ஒரு பொண்ணு, அது யாரு, உங்கிட்ட வேலை கத்துக்குதா?"